காத்துக்கு மறைப்பா ரெண்டு கிலோமீட்டர்

தம்பிகளா, சாவி, ரேடியோ, பாஸ் எல்லாம் கையில வாங்கிட்டீங்க. ரூட் மேப்பையும் ரேஸ் கோஆர்டினேட்டர் உங்க போனுக்கு அனுப்பிட்டார். வண்டி ஓட்டுறதைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒண்ணும் இல்லை. ஜெபல் அலி துறைமுகத்துல நாப்பது அடி கண்டெய்னரை ரிவர்ஸ்ல கொண்டுபோய் ஒட்டி நிறுத்துறவனுக்கு, சைக்கிள் பின்னாடி வேன் ஓட்டத் தெரியாதா? ஆனா இந்த ரேஸ்ல நான் பண்ணின ஒரு தப்பை உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் ஊருக்குப் போகணும்னு இருந்தேன். விசா கேன்சல் ஆகியாச்சு, புதன்கிழமை ஃப்ளைட். அதனால டீயை ஊத்திக்கிட்டு உட்காருங்க. எவனாவது நடுவுல போனை நோண்டினான், நான் எழுந்து போயிடுவேன். அப்புறம் பாய் கோவக்காரர்னு சொல்லக் கூடாது.

நான் தொண்டிக்காரன். எங்க பக்கத்து ஆளுங்கள்லாம் இங்க துபாய்ல கடை வைக்க வந்தாங்க, நான் ஸ்டியரிங் பிடிக்க வந்தேன். பதினோரு வருஷம் ட்ரெய்லர். முதுகு போனதுக்கு அப்புறம் கம்பெனி என்னை வேனுக்கு மாத்துச்சு. குளிர்காலம் வந்தா நம்ம கம்பெனி சைக்கிள் ரேஸுக்கு வண்டியும் ஆளும் அனுப்பும், உங்களுக்கே தெரியும். அப்படித்தான் நானும் போய்ச் சேர்ந்தேன். சைக்கிள்னா எனக்குத் தெரிஞ்சது மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்துக் குரங்குப் பெடல் போட்ட சைக்கிள்தான். ஒரு வாரம் முழுக்க, ஒரு நாளைக்கு நூத்தம்பது கிலோமீட்டர் மிதிக்கிறதையே உத்தியோகமா வச்சிருக்கிற மனுசங்க உலகத்துல இருக்காங்கன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

ஜனவரியில ஆஸ்திரேலியாவுல கோடை. சீசனோட முதல் ரேஸுங்கள்லாம் அங்கதான் நடக்கும். அந்த வெயில்ல வெந்து, முழங்கை வரைக்கும் ஒரு நிறம், அதுக்கு மேல ஒரு நிறம்னு நேரா நம்ம பக்கம் வந்து இறங்குவாங்க. நம்ம பிப்ரவரி அவங்களுக்கு ஊட்டி மாதிரி இருக்கும். முதல் நாள் மட்டும். மறுநாள் காத்து ஆரம்பிச்சா எல்லாரும் வாயை மூடிக்குவாங்க.

எனக்குக் கிடைச்சது கடைசி வண்டி. ப்ரூம் வேகன்னு பேரு. கடைசியா வர்ற வீரனுக்கும் பின்னாடி நாம போகணும். இனிமே முடியாதுன்னு எவன் சைக்கிளை விட்டு இறங்குறானோ அவனை ஏத்திக்கணும். பக்கத்து சீட்டுல ரேஸ் நடுவர் ஒருத்தர் இருப்பார். இறங்கினவன் முதுகுல குத்தியிருக்கிற நம்பரை அவர் கழட்டி வாங்கிட்டார்னா அவன் ரேஸ் கலாஸ், முடிஞ்சுது. பழைய வழக்கம்னு சொல்லி அந்த வண்டியில ஒரு நிஜ விளக்குமாறையும் கட்டச் சொன்னாங்க. கராமா கடைத்தெருவுல ஈர்க்குமாறு வாங்கி நானே கட்டினேன். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினா என் பொஞ்சாதி, "இத்தனை வருஷம் துபாய்ல இருந்து கடைசியில விளக்குமாத்து வண்டியா ஓட்டுறீங்க? சம்பந்தி வீட்டுல சொல்லித் தொலைக்காதீங்க"ன்னு ஒரே சிரிப்பு.

என் வண்டியில நடுவரா வந்தது ஒரு பெல்ஜியம் மேடம். அம்பத்தஞ்சு வயசிருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருப்பாங்க, பேச்சையும் அப்படித்தான். முதல் நாளே என் பாட்டை நிறுத்தச் சொல்லிட்டாங்க. எனக்குப் பிடிக்கலை. ஆனா அன்னைக்கு மத்தியானம் ஒருத்தன் இறங்கி அழுதுகிட்டு நின்னான். மேடம் அவன் நம்பரைப் பிடுங்கலை. ஊக்கை ஒவ்வொண்ணா கழட்டி, நம்பரை நாலா மடிச்சு, ரெண்டு கையாலயும் வாங்கி, "தேங்க்யூ"ன்னு சொன்னாங்க. என்னமோ அவன் கப்பு வாங்கிட்டு வந்த மாதிரி. அப்பவே எனக்கு அந்த அம்மா மேல மரியாதை வந்துருச்சு.

இப்ப அந்த ஆஸ்திரேலியாக்காரன் கதைக்கு வர்றேன். முப்பத்திநாலு வயசு. சைக்கிள்காரங்க கணக்குல அது கிழவன். தினமும் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி என் வண்டிகிட்ட வந்து பம்பரைத் தட்டி, "பாய், இன்னிக்கும் உங்க வண்டியில ஏற மாட்டேன்"னு சொல்லிட்டுப் போவான். ரேஸ்ல எல்லாருக்குமே நான் பாய்தான். நான் சமோசா கொடுத்தா ஆசையாப் பார்த்துட்டு வேணாம்பான். முந்தின வருஷம் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைஞ்சு, பழைய டீம் கழட்டி விட்டுருச்சாம். இந்த டீம்ல இந்த ஒரு ரேஸுக்கு மட்டும்தான் எடுத்திருந்தாங்க. "கடைசி நாள் வரைக்கும் ரேஸ்ல இருந்து காட்டு, வருஷம் முழுக்க வச்சுக்கிறோம்"னு மேனேஜர் சொல்லியிருக்கார். வீட்டுல ஒரு வயசுப் பொண்ணு. அவனே போன்ல படம் காட்டினான், மூக்கு அப்படியே அவன் மூக்கு.

நாலாவது நாள் ராஸ் அல் கைமா மலையில ஃபினிஷ். மலைக்கு முன்னாடி நீளமா பாலைவன ரோடு, வடக்கப் பார்த்துப் போகும். இடது பக்கம் கடல். அன்னைக்கு அங்கிருந்துதான் காத்து, குறுக்க அடிச்சுது பாருங்க, யா ரப்பே! மணல் ரோட்டுல பாம்பு மாதிரி ஓடுது. அந்தக் காத்துல கூட்டமா இருக்கிறவன் ஒருத்தன் மறைவுல ஒருத்தன் போய்க்குவான். தனியா மாட்டினவன் செத்தான். பின்னாடி ரெண்டு பேர் தனியா மாட்டினாங்க. ஒருத்தன் நம்ம ஆஸ்திரேலியாக்காரன். இன்னொருத்தன் கொலம்பியாக்காரன், அவனுக்கு இங்கிலீஷும் வராது.

ஒண்ணு சொல்லிடறேன், இல்லாட்டி உங்களுக்குப் புரியாது. ஜெயிச்சவன் வந்து இவ்வளவு நிமிஷத்துக்குள்ள மத்தவங்க வந்தாகணும்னு ஒரு கெடு உண்டு. அதுக்கு மேல ஒரு செகண்டு ஆனாலும் மறுநாள் ஸ்டார்ட்ல நிக்க முடியாது.

கொலம்பியாக்காரன் வயித்தால போய், வாந்தி எடுத்து, ரோட்டோரமா நின்னுட்டான். ஏத்திக்கிட்டோம். மேடம் நம்பரை வாங்கிட்டு, பின் சீட்டுக்கே போய் அவனுக்குப் போர்வை போர்த்தி, தண்ணி கொடுத்து, ரேடியோவுல டாக்டரைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. முன்னாடி நான் மட்டும். கண்ணாடிக்கு வெளியே ஆஸ்திரேலியாக்காரன் மட்டும். சைக்கிளைக் காத்துப் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு, வாயைத் திறந்தபடி, ரோட்டோட வலது ஓரத்துல ஊர்ந்துக்கிட்டு இருந்தான்.

நம்ம ஹைவேயில பைக்ல டெலிவரிக்குப் போறவங்களைப் பார்த்திருப்பீங்க. காத்து அடிச்சா அந்தப் பெட்டியோட சேர்த்து பைக்கைத் தூக்கும். நாங்க ட்ரெய்லர்காரங்க என்ன பண்ணுவோம்? காத்து வர்ற பக்கமா வண்டியைக் கொண்டுபோய், அவன் வேகத்துக்கே கொஞ்ச தூரம் கூட ஓட்டுவோம். பாலம் வந்ததும் ஒரு ஹாரன் கொடுத்துட்டுப் போயிடுவோம். யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. பதினோரு வருஷம் அப்படி ஓட்டின கை இது.

அந்தக் கை தானா ஸ்டியரிங்கைத் திருப்புச்சு. வேனை அவனுக்கு இடது பக்கமாக் கொண்டுபோய் ஒட்டினேன். அவன் சைக்கிள் நிமிர்ந்துச்சு. தோள் இறங்கிச்சு. காத்து இல்லாம அவன் மிதிச்ச மிதியைப் பார்க்கணுமே, எனக்கு அவ்வளவு சந்தோசம்! பெத்த புள்ளைக்குக் குடை பிடிக்கிற மாதிரி இருந்துச்சு. அப்படியே ரெண்டு கிலோமீட்டர்.

டிரைவர் மீட்டிங்ல சொன்னாங்கதான். வண்டியால யாருக்கும் காத்தை மறைக்கக் கூடாதுன்னு. நானும் தலையாட்டினேன். அது டீம் கார்காரங்களுக்குச் சொன்னதுன்னு நினைச்சேன்னு இன்னிக்கு உங்ககிட்டச் சொல்லலாம். ஆனா பொய் சொல்ல விரும்பலை. ஏன்னா மேடம் வேலையை முடிச்சுட்டு முன்னாடி வர எழுந்தாங்க பாருங்க, என் கால் தானா ஆக்சிலேட்டரை விட்டுருச்சு. வேன் பின்னால வந்துருச்சு. மேடம் வந்து உட்காரும்போது நான் யோக்கியன் மாதிரி நாப்பது மீட்டர் பின்னாடி போய்க்கிட்டு இருக்கேன். அந்தக் கால் விலகிச்சே, செஞ்சது தப்புன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

மலையில ஆஸ்திரேலியாக்காரன் உயிரைக் கொடுத்து மிதிச்சான். கெடு முடிய ஒன்பது செகண்டு இருக்கும்போது கோட்டைத் தாண்டிட்டான். டீம்காரங்க ஓடி வந்து தூக்கிக்கிட்டாங்க. மேனேஜர் அவன் தலையைப் பிடிச்சு முத்தம் கொடுத்தார். நான் வண்டிக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சேன்.

அப்பத்தான் கொலம்பியாக்காரன் வண்டியை விட்டு இறங்கினான். போர்வையைப் போர்த்திக்கிட்டே என் கதவுகிட்ட வந்தான். கோவமா வரலை. வலது கையை சைக்கிள் மாதிரி வச்சுக் காட்டினான். இடது கையை அதுக்குப் பக்கத்துல வேன் மாதிரி கொண்டுவந்து, ரெண்டையும் சேர்த்து ஓட்டிக் காட்டினான். அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ரெண்டு கையையும் விரிச்சான். எனக்கு ஏன் பண்ணலைன்னு கேக்குறான். கேட்டுட்டு லேசாச் சிரிச்சான், தம்பிகளா. அடிச்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பை என்னால தாங்க முடியலை.

இவனுக்கும் அதே காத்துதானே அடிச்சுது? இவனும் என் கண்ணு முன்னாடிதானே வாந்தி எடுத்துக்கிட்டே மிதிச்சான்? இவன் போன்ல என்ன படம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. இவன் தினமும் வந்து என் பம்பரைத் தட்டலை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் இரக்கப்பட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சவனுக்குச் சலுகை காட்டியிருக்கேன்.

மேடம்கிட்டப் போனேன். "நீங்க பின்னாடி இருந்தப்ப நான் அவனுக்குக் காத்தை மறைச்சேன். ரெண்டு கிலோமீட்டர்"னு சொன்னேன்.

மேடம் பேனாவை மூடினாங்க. "இதைச் சொன்னா அவருக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"சொல்லாட்டி யாருக்கும் தெரியப் போறதில்லை."

"கொலம்பியாக்காரருக்குத் தெரியும் மேடம்."

மேடம் எழுந்தாங்க. "அப்ப நான் சொல்ல மாட்டேன். நீங்களே உள்ள வந்து சொல்லுங்க"ன்னு நடுவருங்க உட்கார்ந்திருந்த டென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

சொன்னேன். அவனையும் கூப்பிட்டாங்க. துண்டைக் கழுத்துல போட்டுக்கிட்டுச் சிரிச்ச முகமா வந்தான். என்னைப் பார்த்ததும் சிரிப்புப் போயிருச்சு. "வண்டி பக்கத்துல வந்தது உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. தரையைப் பார்த்தான். "தெரியும்"னான். அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல அவன் பேரை அடிச்சுட்டாங்க. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை நான் உங்களுக்கு எப்படிச் சொல்ல.

என் பாஸைக் கழட்டி மேடம்கிட்ட நீட்டினேன். வாங்கலை. "நாளைக்கும் நீங்கதான் ஓட்டணும். தேவைப்பட்டா நாளைக்கும் நான் பின்னாடி போய் உட்காருவேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இன்னமும் என்னை நம்புறாங்க. திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

ரேஸை விட்டுப் போறவங்களை ஏர்போர்ட்ல விடுறதும் நம்ம வேலைதான். கோஆர்டினேட்டர் மலையாளி, நல்ல மனுசன். "இக்கா, நீங்க போக வேணாம், வேற ஆளை அனுப்புறேன்"னார். நானே போறேன்னேன். அன்னைக்கு சாயங்காலமே அவனையும் சைக்கிள் பெட்டியையும் ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஒரு கஃபெட்டீரியா முன்னாடி நிறுத்தி ரெண்டு கரக் டீ வாங்கினேன். பாலும் சர்க்கரையும் போட்ட டீ. இனி அவன் குடிக்கலாமே.

கப்பைக் கையில வாங்கிக்கிட்டுத்தான் வெடிச்சான். "உங்களை யாரு உதவி பண்ணச் சொன்னது? நான் கேட்டேனா?"

"கேக்கலை தம்பி." ஆமா, தமிழ்லதான் தம்பின்னு சொன்னேன். மத்ததை இங்கிலீஷ்ல சொன்னேன்.

"நீங்க வராம இருந்திருந்தா நானே வந்திருப்பேனா, வந்திருக்க மாட்டேனா? சொல்லுங்க. இனிமே ஆயுசுக்கும் எனக்கு அது தெரியாது. அதைத்தான் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

ரோட்டுல லாரிங்க போய்க்கிட்டு இருந்துச்சு. டீ பாதி ஆறின பிறகு அவனே மெதுவா, "காத்து நின்னதும் நான் திரும்பிப் பார்த்தேன். உங்க டயர் என் முழங்கால் பக்கத்துல இருந்துச்சு. பிரேக் பிடிச்சு விலகியிருக்கலாம். அடுத்த விளக்குக் கம்பம் வந்ததும் விலகிடலாம்னு சொல்லிக்கிட்டேன். அது வந்ததும் அடுத்த கம்பம்னு சொல்லிக்கிட்டேன். பாதித் தப்பு என்னுது"ன்னான்.

ஏர்போர்ட்ல கை கொடுக்கலை. பெட்டியைத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டான். நான் பார்க்கிங்ல உட்கார்ந்து அழுதேன். எத்தனையோ பேரை அந்த ஏர்போர்ட்ல ஏத்தி விட்டிருக்கேன், வேலை போனவன், உடம்பு முடியாதவன் எல்லாரையும். ஆனா என் கையால வேலை போன ஒருத்தனை ஏத்தி விட்டது அன்னைக்குத்தான்.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் முழுக்க எனக்கு அந்த நினைப்புத்தான். ஜனவரி வந்ததும் ஆஸ்திரேலியா ரேஸை ரூம்ல போன்ல பார்ப்பேன். ரூம்காரங்க, "பாய்க்கு என்ன ஆச்சு, கிரிக்கெட்டை விட்டுட்டு சைக்கிளைப் பார்க்குறாரு?"ன்னு கிண்டல். ஒரு நாள் திடீர்னு திரையில அவன்! ஏதோ சின்ன டீம் சட்டையில, கூட்டத்துக்கு முன்னாடி, டீமோட தலைமை ஆளைத் தன் மறைவுல வச்சுக்கிட்டு, மாடு மாதிரி இழுத்துக்கிட்டு இருக்கான். நான் கத்தின கத்துல கீழ் பெட்டுல தூங்கினவன் எழுந்துட்டான்.

அதே டீமோட பிப்ரவரியில இங்க வந்தான். இதுதான் தன்னோட கடைசி வருஷம்னு சொல்லியிருந்தானாம். விரட்டி விட்ட ரேஸை ஒரு தடவையாவது முழுசா முடிச்சுட்டு ஓய்வெடுக்கணும்னு கோஆர்டினேட்டர்கிட்ட சொல்லியிருக்கான். என் வண்டிப் பக்கம் மட்டும் வரலை. தூரத்துல இருந்து தலையை ஆட்டுவான். நானும் ஆட்டுவேன்.

மறுபடியும் அதே மலை, அதே ரோடு. காத்து அன்னைக்கும் விட்டு வைக்கலை. தலைமை ஆளுக்காக முன்னாடி இழுத்து இழுத்து, அவன் காலி. கூட்டம் அவனைக் கழட்டி விட்டுருச்சு. கார் எல்லாம் ஒவ்வொண்ணா அவனைத் தாண்டிப் போச்சு. கடைசியில அவன், அவனுக்குப் பின்னாடி நான், என் பக்கத்துல மேடம். வண்டியில வேற யாருமே இல்லை.

மேடம் வாட்சைப் பார்த்தாங்க. ரோட்டைப் பார்த்தாங்க. அப்புறம் ஃபைலை எடுத்துக்கிட்டு, "எனக்குப் பின்னாடி கொஞ்சம் வேலை இருக்கு"ன்னு எழுந்து போய் கடைசி சீட்டுல உட்கார்ந்துட்டாங்க. பின் சீட்டுல ஒரு ஈ காக்கா கிடையாது. அங்க என்ன வேலை? என்னைத் தனியா விட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

தம்பிகளா, அந்த ரோட்டை நான் எப்படி ஓட்டினேன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். கை ரெண்டும் இடது பக்கமா இழுக்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு நாப்பது மீட்டர் பின்னாடியே போறேன். காத்தைத் தமிழ்ல கெட்ட வார்த்தையில திட்டினேன், மேடத்துக்குப் புரியாதுங்கிற தைரியத்துல. ஒரு தடவை அவன் திரும்பிப் பார்த்தான். வான்னு கூப்பிட்டானா, வராதேன்னு சொன்னானா, எனக்குத் தெரியாது. நான் போகலை. அவன் மறுபடி குனிஞ்சுக்கிட்டான். சைக்கிள் ஆடுது, அவன் ஆடுறான். ஒவ்வொரு கம்பமா அவனே தாண்டினான்.

மலையில ரெண்டு தடவை நிக்கிற மாதிரி வந்தான். நிக்கலை. கடைசி வளைவுல மேடம் முன்னாடி வந்து உட்கார்ந்து, வாட்சை என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க. கெடு முடிஞ்சு போயிருந்துச்சு. அவனுக்கும் தெரியும், ரேடியோவுல சொல்லியிருப்பாங்க. இருந்தாலும் மிதிச்சான். நாப்பத்தியோரு செகண்டு தாமதமா கோட்டைத் தாண்டினான். அந்த ரெண்டு கிலோமீட்டர் நான் மறைச்சிருந்தா, ஒரு நிமிஷத்துக்கு மேலயே மிச்சமாயிருக்கும். அந்தக் கணக்கை நான் இன்னிக்கு வரைக்கும் போட்டுப் பார்க்கிறேன்.

கேமராக்காரங்க எல்லாம் போயிட்டாங்க. தடுப்புக் கம்பிகளைக் கழட்டிக்கிட்டு இருந்த நம்ம ஆளுங்க மட்டும் கை தட்டினாங்க. அவன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நேரா என் வண்டிக்கு வந்தான். முகம் பூரா உப்பும் மணலும். முதுகுல கையை விட்டு அவனே ஊக்கைக் கழட்டினான். நம்பரை மேடம்கிட்ட நீட்டினான். மேடம் ரெண்டு கையாலயும் வாங்கினாங்க. நாலா மடிச்சு, "தேங்க்யூ"ன்னு சொன்னாங்க.

அப்புறம் என் பக்கத்துக் கதவுக்குச் சுத்தி வந்தான். கண்ணாடியை இறக்கினேன். கண்ணாடி விளிம்புல ரெண்டு கையையும் வச்சு, மூச்சு வாங்கிக்கிட்டு, "இன்னிக்கு நல்லா ஓட்டினீங்க, பாய்"னான்.

நான் கதவைத் திறந்து இறங்கி அவனைக் கட்டிப் பிடிச்சேன். ரெண்டு பேரும் அழுதோம்.